உன் நூறு கிராம் என்னிடம்தான் இருக்கிறது

ஏழாம் வகுப்புக் கணக்குத் தாள்கள் நாற்பத்திரண்டு என் மேசையில் கிடக்கின்றன. சன்னலைத் திறந்தால் தாள் பறக்கிறது, சாத்தினால் புழுங்குகிறது. வழக்கம்போல உன் எடைக்கல்லை எடுத்து அவற்றின்மேல் வைத்தேன். நெற்றியைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனபோது உள்ளங்கையில் இரும்பு வாசனை, வியர்வையோடு சேர்ந்த இரும்பு. உன் கையில் எப்போதும் இருந்த வாசனை அது. நாள் முழுக்கப் பூவோடு கிடக்கிறாயே, உன் கை ஏன் மணக்கவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "பூவு ஊருக்குடி. எனக்குக் கல்லுதான்" என்று சிரித்தாய்.

ஆறு பட்டைக் கல். மேலே நூறு கிராம் என்று அச்சு, அடியில் ஈயம் அடைத்த குழி. ஏழு வருஷமாக அது என்னிடம் இருக்கிறது. நீ எனக்கென்று கொடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று நானும் எடுக்கவில்லை. கோபத்தில் கையை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன், அவ்வளவுதான். திருப்பிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. இப்போதுதான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மதுரையில் பட்டம் வாங்கிய கையோடு நாம் இருவரும் ஸ்டூடியோவுக்குப் போனது நினைவிருக்கிறதா? வாடகைக்கு ஒரு கறுப்பு அங்கிதான் கிடைத்தது. முதலில் நான் போட்டுக்கொண்டேன், பிறகு நீ. எனக்கு அது முழங்கால் வரை வந்தது. உனக்குத் தரையில் புரண்டது. போட்டோக்காரர் நிமிர்ந்து நிற்கச் சொல்லச் சொல்ல, நீ குனிந்து உன் காலைத் தேடிக்கொண்டிருந்தாய். கணக்கு பி.ஏ. வகுப்பில் பதினோரு பேர். பத்துப் பேரின் வாழ்க்கை யாரும் யூகித்தபடியே போனது. கல்யாணம், பள்ளிக்கூடம், செக்ரடேரியட்டில் ஒருத்தி, கலெக்டர் ஆபீசில் ஒருத்தி. பதினோராவது ஆள் நீ.

ஆசிரியப் பயிற்சிக்குச் சென்னையில் நம் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்திருந்தது. திண்டுக்கல் ஸ்டேஷனில் சந்தித்துச் சேர்ந்து போவதாகப் பேச்சு. ஒரு மணி நேரம் முன்பே வந்து, பெட்டிமேல் உட்கார்ந்து மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னாளப்பட்டிச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு தூக்குச்சட்டி மட்டும் எடுத்துக்கொண்டு நீ வந்தாய்.

"பெட்டி எங்கடி?" என்றேன்.

"வரல."

"பெட்டியா?"

"நான்."

தூக்கில் எனக்குப் புளிச்சோறு. நீ வராததற்கு ஈடாக ஒரு புளிச்சோறு! எனக்கு வந்த கோபத்தில் அதை அங்கேயே கவிழ்த்திருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து நீ சொல்ல ஆரம்பித்தாய். பரீட்சை முடிந்த விடுமுறையில் உன் அம்மாவோடு பூப் பறிக்கப் போயிருக்கிறாய். அகரம் பக்கத்துத் தோட்டங்களில் பூப் பறித்துத்தான் அந்த அம்மா உன்னைப் படிக்க வைத்தார்கள். விடிவதற்குள் இறங்கி, வெயில் ஏறுமுன் மடியை நிரப்பிக்கொண்டு வரப்புக்கு வந்தால் தரகர் கைத்தராசோடு நிற்பார். எத்தனை வீசை என்று அவர் வாய்க்குள் சொல்லிக்கொள்வதுதான் எடை, அதற்குத்தான் கூலி. அன்றைக்கு உன் அம்மாவின் பூவுக்கு ஒன்றேகால் என்றார். உனக்குச் சந்தேகம். கொடுப்பதற்கு முன் அதை மளிகைக்கடைத் தராசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாய். ஒன்றரை வீசை இருந்தது.

"பதினஞ்சு வருசமாடி. தெனமும் கால் வீசை."

"சரி. நீ டீச்சராகி உங்க அம்மாவை உக்கார வச்சுச் சோறு போடு. அதுக்குத்தான படிச்ச?"

"எங்கம்மாவ உக்கார வச்சுருவேன். மத்த பொம்பளைங்க?"

"தராசு பிடிக்க பி.ஏ. எதுக்குடி?"

"பி.ஏ. படிச்சதுனாலதாண்டி அந்தாளு என்கிட்ட தராசக் குடுப்பாரு. எங்கம்மா கேட்டாக் குடுப்பாரா?"

ரயில் வந்தது; நான் ஏறினேன். நீ பிளாட்பாரத்தில் நின்று கை ஆட்டினாய். நீ அழுத மாதிரி தெரியவில்லை. அழுதது நான்தான். மலைக்கோட்டை கண்ணுக்கு மறையும் வரை அழுதுவிட்டு, பிறகு உன் புளிச்சோற்றைத் தின்றேன்.

படித்து முடித்து இங்கே திண்டுக்கல் பெண்கள் பள்ளியிலேயே எனக்கு வேலை கிடைத்தது. முதல் ஞாயிற்றுக்கிழமையே உன்னைத் தேடி அகரத்துக்கு வந்தேன். எப்படியும் வாடிப்போயிருப்பாய், உன்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு திட்டம். புளியமரத்தடியில் நாற்பது ஐம்பது பெண்கள் மடியும் கூடையுமாக நின்றார்கள். கிளையில் உன் தராசு தொங்கியது. கையில் பிடித்தால்தானே கட்டைவிரல் விளையாடும் என்று அதைக் கிளையில் கட்டிவிட்டிருந்தாய். தோட்டக்காரர்களை வீடு வீடாகப் பார்த்து, எந்தத் தோட்டத்துப் பூவும் இங்கே எடை போட்ட பிறகுதான் தரகர் கைக்குப் போகும் என்று சம்மதிக்க வைத்திருந்தாய். அதற்கு உனக்கு எத்தனை மாதம் பிடித்தது, எத்தனை பேர் உன்னைக் கேலி பேசினார்கள் என்பதை நீ சொல்லவே இல்லை. உன் அம்மாதான் சொன்னார்கள்.

"இம்புட்டுப் படிச்சுப்புட்டு மரத்தடியில நிக்கிறா பாரு தாயி. நீயாவது சொல்லப்படாதா?"

சொல்லத்தான் வந்தேன். அதற்குள் உன் வேலையைப் பார்த்துவிட்டேன். நீ எடையைச் சொல்வதே இல்லை. தட்டில் பூவைக் கொட்டி, கல்லை வைத்து, ஒதுங்கி நின்றுகொள்வாய். "முள்ளு எங்க நிக்குது? நீயே சொல்லு" என்பாய். பறித்தவள் குனிந்து பார்த்துத் தன் எடையைத் தானே உரக்கச் சொல்ல வேண்டும். முதல் நாள் வாயே திறக்காதவர்கள், பத்தாம் நாள் அரைப் பலம் எடை குறைந்தாலும் உன்னோடு சண்டை போட்டார்கள். "சண்டை போடுறாளுங்கடி!" என்று என்னிடம் வந்து பூரித்துப்போனாய். என் வகுப்பில் எவளாவது எதிர்த்துப் பேசினால் நான் பெஞ்சுமேல் ஏற்றிவிடுவேன்.

உன் கூலி, ஆளுக்கு ஒரு கைப் பூ. அதைச் சேர்த்து விற்றுத்தான் நீயும் அம்மாவும் சாப்பிட்டீர்கள். 'தராசக்கா' என்று உனக்குப் பெயரே வந்துவிட்டது.

எல்லாப் பூவும் சேர்ந்ததும் மொத்தமாக வீசை வீசையாகத் தரகர் கூடைக்கு அளந்து தள்ளுவாய். அப்போது மட்டும் எண்ணுவது நீ. ஊர் வழக்கப்படி முதல் எடைக்கு ஒன்று என்று சொல்ல மாட்டாய். "லாபம்... ரெண்டு... மூணு..." என்று நீட்டி ராகம் போடுவாய். எனக்குச் சிரிப்பு தாங்காது. "யூனிவர்சிட்டியில கணக்குப் பட்டம் வாங்கினவ. ஒண்ணுன்னு சொல்லக் கூச்சமாடி?" என்றேன்.

"ஒன்னுன்னா ஒத்தையில்ல? ஒத்தையில ஆரம்பிக்கப்படாதாம்டி."

எடை முடிந்து உன் வீட்டில் கம்பஞ்சோறு. வெஞ்சனத்துக்கு என்றைக்கும் ஒரு கீரை. ஐந்து வருஷம், அநேகமாக எல்லா ஞாயிறும் அப்படித்தான் போனது. எனக்குக் கல்யாணப் பேச்சு வந்து வந்து கலைந்ததும், பிறகு வராமலே நின்றதும் அந்தக் கீரைச் சோற்றோடுதான் எனக்குச் செரித்தது. ஆனாலும் பழைய வகுப்புத் தோழிகள் கடிதத்தில் உன்னை விசாரித்தால், "ஊரில் நிலபுலத்தைப் பார்த்துக்கொள்கிறாள்" என்று எழுதுவேன். உனக்கு ஏது நிலபுலம்? தராசு பிடிக்கிறாள் என்று எழுத என் பேனா கூசியது. அதை உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

பிறகு கிலோ வந்தது. பழைய வீசைக்கல், பலக்கல் எல்லாம் செல்லாது என்றார்கள். தரகர் ஊரில் இருந்த பழைய கற்களை எல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நீ ஒழுங்காகத் திண்டுக்கல் வந்து முத்திரை போட்ட புதுக் கற்கள் வாங்கினாய். என்னோடு ஓட்டலில் காப்பி குடித்துவிட்டு, பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனாய். அந்தப் பையில் இந்த நூறு கிராமும் இருந்தது.

அதே வாரம் நான் வகுப்பில் கிலோக் கணக்கு நடத்தினேன். ஒரு வீசைக்கு ஒரு கிலோ நானூறு கிராம். அந்த நானூறு பிள்ளைகளை இடறியது. 'ஒரு வீசை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். எல்லாரும் சுலபமாகப் போட்டார்கள். நோட்டுகளுக்குச் சிவப்பு மையில் 'சரி' போட்டு, என் கையெழுத்தையும் கிறுக்கினேன். அந்த வகுப்பில் உங்கள் தரகரின் மகளும் படித்தாள்.

அடுத்த ஞாயிறு நான் வந்தபோது மரத்தடியில் யாரும் என்னை "வாங்க டீச்சரு" என்று சொல்லவில்லை. நீ என்னைப் பார்க்காமல் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அம்மாதான் நடந்ததைச் சொன்னார்கள். முந்தின நாள் தரகர் தன் மகளின் நோட்டைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் விரித்திருக்கிறார். "வீசைன்னா ஒன்னரைக் கிலோ. நான் சொல்லல. தராசக்காவோட சிநேகிதி, அந்த டீச்சரம்மாவே எழுதிக் குடுத்துருக்கு, பாருங்க." இனி ஒரு வீசைக் கூலிக்கு ஒன்றரைக் கிலோ பறிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நீ ஒன்று நானூறு என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. படித்த இரண்டு பேரில் ஒருத்தி பொய் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவளா பொய் சொல்வாள்?

"ஏறக்குறையன்னுதாண்டி எழுதுனேன். பிள்ளைங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்னு..." என்று ஆரம்பித்தேன்.

"யாருக்குச் சுலபம்?"

நீ சத்தம் போடவில்லை. நூறு கிராம் கல்லைத் தட்டில் வைத்து, அதற்குச் சரியாக மல்லிகை மொட்டை நிறுத்தாய். மொட்டை என் மடியில் கொட்டினாய். கல்லை என் கையில் வைத்தாய். "எண்ணு" என்றாய்.

"என்னடி இது?"

"ஒன் ஏறக்குறைய இம்புட்டுத்தான். ஒரு வீசைக்கு இம்புட்டு. ரெண்டு வீசை பறிக்கிறவளுக்கு இது மாதிரி ரெண்டு பங்கு. ஒவ்வொன்னாத்தான் பறிக்கணும். எண்ணு."

எண்ணினேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபதோ எழுபதோ எண்ணியிருப்பேன். மடியில் பாதிகூடக் குறையவில்லை. வகுப்பில் நான் பெஞ்சில் ஏற்றிய பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து என்னை ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது. அப்போது நீ கொஞ்சம் இறங்கி வந்தாய். "ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுடி. வீசைன்னா ஒன்னு நானூறுன்னு. கீழ ஒன் கையெழுத்து. போதும்."

ஒரு வரி. ஒரு கையெழுத்து. அது தலைமையாசிரியை காதுக்குப் போகும், கணக்கு டீச்சர் கணக்கைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தாள் என்று ஊர் சிரிக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. "நான் தப்பா ஒண்ணும் எழுதலையே. எதுக்குச் சீட்டு?" என்றேன். சொல்லிவிட்டு எழுந்தேன். மடியில் இருந்த மொட்டெல்லாம் மண்ணில் கொட்டியது. யாரோ ஒருத்தி உட்கார்ந்து அவற்றைப் பொறுக்க ஆரம்பித்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் கையைத் திறந்தபோதுதான் கல் என் கையிலேயே இருப்பது தெரிந்தது.

மறுநாளே கரும்பலகையில் சரியாக எழுதிப்போட்டேன். நோட்டுகளையும் திருத்தச் சொன்னேன். ஆனால் உனக்குச் சொல்லவில்லை, சீட்டும் எழுதவில்லை. நான்கு சுவருக்குள் திருத்திவிட்டு, திருத்தியாகிவிட்டது என்று இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து உன்னிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'கல்லு உன்னிடம் இருக்கிறது. வரும்போது கொண்டு வா.' இரண்டே வரி. கொடுத்துவிட்டுப் போ என்று நீ எழுதவில்லை, வரும்போது என்று எழுதியிருந்தாய். அதை நான் நூறு தடவை படித்திருப்பேன். அந்த ஞாயிறு புடவை மாற்றி, பஸ் ஸ்டாண்டு வரை வந்து திரும்பிவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறு தலைவலி. அதற்கடுத்தது பரீட்சைத் தாள். பிறகு, இவ்வளவு நாள் போகாமல் இருந்துவிட்டு எந்த முகத்தோடு போவது என்பதே காரணமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்த அறையில் ஒரு டம்ளர் அரிசி வடித்து, தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பழகினேன். பழகினேன் என்று எழுதுகிறேன், பொய். ஏழு வருஷத்தில் ஒரு ஞாயிறும் அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று வருகை எடுத்துக்கொண்டிருந்தேன். அகரத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், எங்கூருத் தராசக்கா செத்துப்போச்சு, டீச்சர்" என்றது. எப்போது என்றேன். பத்து நாள் ஆயிற்றாம். மஞ்சள் காமாலை. மீதிப் பெயர்களையும் கூப்பிட்டு முடித்தேன். வேறு என்ன செய்ய?

அந்த ஞாயிறு கல்லைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். புளியமரத்தில் தராசு தொங்கியது. குளிரில் பூ குறைவு. பத்துப் பதினைந்து பேர்தான் நின்றார்கள். ஒரு பெண் எடை போட்டாள். எட்டிப் பார்த்தபோது அடையாளம் தெரிந்தது. அன்றைக்கு என் மடியிலிருந்து கொட்டியதைப் பொறுக்கியவள். "லாபம்" என்று அவள் இழுத்து முடிக்குமுன் உன் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டேன்.

உன் அம்மா என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார வைத்து, நீ என்ன செய்தாய் என்று சொன்னார்கள். இரண்டு பருவம் தரகர் சொன்னபடி ஒன்றரைதான் ஓடியிருக்கிறது. நீ வீடு வீடாகப் பழைய வீசைக்கல் தேடியிருக்கிறாய். கடைசியில் ஒரு வீட்டு ஊறுகாய் ஜாடிக்குப் பாரமாக ஒன்று அகப்பட்டது. அதை ஒரு தட்டிலும், ஒரு கிலோவும் இரண்டு இருநூறும் இன்னொரு தட்டிலும் வைத்து, ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று கேட்டிருக்கிறாய். எல்லாரும் பார்த்தார்கள். தரகரும் பார்த்தார்.

"ஒன்னைய ஒரு வார்த்த குத்தமாச் சொல்லல தாயி. யாரையும் சொல்லவும் விடல. ஞாயித்துக்கெழமைன்னா ஒல வைக்கையில, 'ஒரு கை கூடப் போடும்மா, அவ வந்தாலும் வருவா'ம்பா."

"எத்தன நாள் சொன்னா?"

"நாள் என்ன நாளு. இந்தா, தை பொறக்குறதுக்கு மொத வாரம் வரைக்கும் போட்டேன்."

ஏழு வருஷம், ஞாயிறுக்கு ஒரு கைக் கம்பு. கைப்பையைத் திறந்து கல்லை எடுத்து உன் அம்மாவிடம் கொடுக்கத்தான் போயிருந்தேன். பையைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அதோடுதான் திரும்பினேன்.

இன்றைக்குக் காலையில் தாள் திருத்த முடியாமல் கடைவீதிக்குப் போனேன். மல்லிகை குவிந்து கிடக்கிறது. உதிரிப் பூ நூறு கிராம் கேட்டேன். பூக்காரி தன் கல்லை எடுத்தபோது, "இந்தக் கல்லுல போடும்மா" என்று உன்னுடையதை நீட்டினேன்.

"ஏங்க்கா, எங் கல்லு மேல நம்பிக்கை இல்லையா?"

"அது இல்லம்மா. இது என் சிநேகிதியோடது."

அவளுக்கு என்ன புரிந்ததோ, உன் கல்லிலேயே நிறுத்துக் கொடுத்தாள். அறைக்கு வந்து தாள்களை ஒதுக்கிவிட்டு மொட்டுகளை மேசையில் கொட்டினேன். இருபது எண்ணியதும் ஒன்று உருண்டு விழுந்து கணக்கு தப்பியது. மறுபடி முதலிலிருந்து. நூறு தாண்டியபோது பக்கத்து வீட்டம்மா மோர் வேண்டுமா என்று கேட்டு வந்து, நான் செய்வதைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே போனார்கள். மறுபடி முதலிலிருந்து. அறையில் யாரும் இல்லை, ஆனாலும் வாய்விட்டே எண்ணினேன். மூன்றாம் முறை முடிந்தது.

ஏறக்குறைய நானூறு என்று எழுத வந்த கையை நிறுத்திவிட்டேன். நீ கேட்ட சீட்டு இதோ. வீசைக்கு ஒரு கிலோ நானூறு கிராம். நான் கூடுதலாகக் கேட்டது நூறு கிராம். மொட்டு நானூற்றுப் பதினேழு. கீழே என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

எண்ணும்போது முதல் மொட்டுக்கு லாபம் என்றுதான் சொன்னேன்.